மாட்டுக்கு வைத்த கம்பி என் மனைவிக்கும்

என் மனைவி ஞானம்மாளுக்கு இடது கன்னத்தின் உட்புறம் புண் வந்தது. நாற்பது வருஷமாக அவள் புகையிலை அடக்கி வைத்த அதே இடம். முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு, பிறகு வெடிப்பு, பிறகு நெல்லிக்காய் அளவு கட்டி. யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. மார்கழியில் கஞ்சியைத் தவிர வேறெதுவும் அவளுக்கு இறங்கவில்லை. மதுரை மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இது புற்று, அறுத்தே ஆகவேண்டும் என்றார். கத்தி என்றதும் ஞானம்மாள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். நான் உடைந்துபோனேன்.

அந்த வாரமே உசிலம்பட்டியிலிருந்து அவள் தம்பி சாமுவேல் வந்தான்.

“அத்தான், கத்தியும் வேணாம் கித்தியும் வேணாம். சந்தையில ஒருத்தர் கரண்டுப் பெட்டி வச்சிருக்காரு. நம்ம செவலைக்குக் கொம்படியில புத்து வந்து நாறிப் போச்சுல்ல? எட்டு நாளு கம்பி வச்சாரு. இப்பத் தழும்புகூட இல்ல.”

“மாப்ள, அது மாடு.”

“மாட்டுக்குக் கேக்குறது மனுசனுக்குக் கேக்காதாக்கும்?”

பெட்டிக்காரன் வீட்டுக்கே வந்தான். கைப்பிடியைச் சுற்றினால் கரண்டு வரும் பெட்டி. கம்பி முனையில் இருந்த, மாட்டுத் தலையில் வைத்த அதே செப்புத் தகட்டைத் துண்டில் துடைத்து என் மனைவியின் கன்னத்தில் வைத்தான். “சுள்ளுன்னு இருக்கா தாயி? புத்து சாகுதுன்னு அர்த்தம்.” சபையில் சிலர், கர்த்தர் கத்தியில்லாத வழியைக் காட்டினார், இனி ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்றார்கள். புண் அவர்கள் வாயில் இல்லை, சொல்லிவிட்டார்கள். தை பிறந்தபோது கட்டி எலுமிச்சை அளவு ஆகியிருந்தது. அவளோ பெட்டியையே நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் போன பின் பெஞ்சில் முழங்காலிட்டேன். “ஆண்டவரே, இந்தப் பெட்டி உம்முடையதா, இல்லையா? எனக்குக் காட்ட வேண்டாம். அவள் கண்ணுக்குக் காட்டும்” என்று அழுதேன்.

வியாழக்கிழமை, மில்லுக்குப் பருத்தி ஏற்றி வந்த சாமுவேல் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினான். நுகத்தில் செவலை. தன் நம்பிக்கைக்கெல்லாம் காரணமான மாட்டைத் தடவிக் கொடுக்க ஞானம்மாள் இறங்கி வந்தாள். கொம்படியில் கை பட்டதும் அது தலையை உதறியது. தலைக்கயிற்றின் அடியில் பச்சை ரணம்.

“தம்பி, இது எப்பருந்துடா?”

“மறுபடி கயிறு போட்டு வண்டி கட்டுனதுலருந்துக்கா.”

“கம்பி வச்சப்ப இந்தக் கயித்த என்ன செஞ்ச?”

“அவுத்துட்டேன். தகடு வைக்க எடைஞ்சலா இருக்குன்னாரு. புண்ணு ஆறுற மட்டும் போடவே இல்ல.”

அவள் கயிற்றை விரலால் தூக்கி ரணத்தை உற்றுப் பார்த்தாள்.

“அட கூறு கெட்டவனே, இதுக்குப் புத்துமில்ல, ஒண்ணுமில்ல. கயிறு அறுத்த புண்ணு. கயித்த எடுத்த, ஆறுச்சு. இதக் காட்டியா என் வாயில கம்பிய வச்சீக? மொதல்ல அத அவுத்து விடு.” பிறகு என்னிடம் திரும்பினாள். “ஒரு ஜட்கா வண்டி பிடிங்க. எனக்கு இருக்கது புத்து.”

டாக்டரம்மா, ஏன் இத்தனை தாமதம் என்று என்னைக் கடிந்துகொண்டார். பிறகு அவளிடம், “இங்கேயும் மின்சாரம்தாம்மா. ஆனா சுள்ளுன்னு தொட்டுட்டு விடுறதில்ல. மயக்கம் குடுத்து, கம்பியப் பழுக்க வச்சு, கட்டிய வேரோட சுட்டு எடுக்கணும்” என்றார்.

“எடுங்க” என்றாள் ஞானம்மாள்.

எடுத்தார்கள். கடைவாய்ப் பற்கள் மூன்று போயின. வாய் இன்றும் இரண்டு விரல் அகலந்தான் திறக்கிறது. ஆனால் யுத்தம் முடிந்துவிட்டது, அவள் இருக்கிறாள். சோறு சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். புகையிலையை விட்டுவிட்டாள். நான் ஜெபிக்காமல் படுப்பதில்லை.

அந்தப் பெட்டிக்காரன் பேரையூர்ப் பக்கம் இன்னும் சுற்றுகிறானாம். சபையாரே, கரண்டைப் பழிக்காதீர்கள், அதுவும் ஆண்டவர் படைத்ததுதான். அதை வைத்து ஏமாற்றுகிறவனையும், அவனுக்கு ஆமென் சொல்கிறவனையும் வாசலில் ஏற்றாதீர்கள். எனக்கு வந்த பதில் ஒரு மாட்டின் தலையில் இருந்தது. உங்களுக்கு எங்கே வருமோ, நான் அறியேன். கேளுங்கள், அவர் தருவார். தந்த பின் வீட்டில் உட்கார்ந்திராமல் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.