மணி கேட்டும் யாரும் வரவில்லை

சுல்தானுக்கும் கம்பெனிக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொல்லிமலை மிளகை வாங்கிப் பொதிமாடுகளில் ஏற்றி, நாகப்பட்டினத்துக் கப்பல்களுக்கு அனுப்புவது என் தொழில். புளியஞ்சோலை வழியாக நான் மலையேறினால், மாட்டு மணி கேட்டதுமே மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்காரர்கள் மிளகோடு பாதைக்கு வந்துவிடுவார்கள்.

அந்த முறை ஒருவரும் வரவில்லை. ஊருக்குள் போனால் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன, ஆள் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மணியை இன்னும் பலமாக ஆட்டினேன்.

பலா மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஓடி வந்து மணியைக் கையால் பொத்தினாள்.

"ஏனுங்க ராவுத்தரே, ஆட்டாதீங்க! போன வாரம் ஒரு பட்டாளம் மாட்டுக்கு மணி கட்டிக்கிட்டு வந்துச்சுங்க. நீங்கதான்னு நெனச்சு எல்லாரும் வெளிய வந்தோம். எங்க ஊட்டுக்காரரையும் சேத்து அத்தன ஆம்பளைங்களையும் மூட்டை தூக்கப் புடிச்சுட்டுப் போனாங்க. ஒருத்தரும் திரும்பலீங்க."

மணிகளை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டேன். அப்போது கீழே, நான் ஏறி வந்த பாதையில், மணிச் சத்தம் கேட்டது. அவள் மாடுகளோடு என்னையும் காட்டுக்குள் இழுத்துப் போனாள்.

இப்போது என் மாடுகளுக்கு மணி கிடையாது. "நான்தான் வாரேன்" என்று கூவிக்கொண்டே மலையேறுகிறேன். இந்தக் குரலையும் எவனாவது கற்றுக்கொள்வானோ என்ற பயம் மட்டும் போகவே இல்லை.