அக்கா சொன்ன இரண்டாவது விடை

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..." மட்டாஞ்சேரிக் கடைவீதியில், எங்கள் அரிசி மண்டியில் பறை என்னும் அளவுப் பாத்திரத்தால் அளந்து கொட்டும்போது இப்படித்தான் எண்ணுவார்கள். ஒன்று என்ற சொல்லே கிடையாது. முதல் பறை லாபம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எண்ணச் சொன்னபோது நானும் லாபத்தில் தொடங்கி வகுப்பையே சிரிக்க வைத்தவள்தான். இன்று அந்த வீதியில் பாதி மண்டிகள் ஓவியக் கூடங்களாகவும் காப்பிக் கடைகளாகவும் ஆகிவிட்டன. சமீபத்தில் போனபோது எங்கள் மண்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து ஐஸ் போட்ட காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. என் அக்காவைப் பற்றி அவரிடம் நாலு வார்த்தை பெருமையடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. பாஷை உதவவில்லை. ஆகையால் இங்கே அடித்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்குச் சில சொற்கள் ஆகா. 'இல்லை', 'குறைவு', 'நட்டம்' மூன்றும் மண்டிக்குள் நுழையக் கூடாது. கேட்ட அரிசி தீர்ந்துபோயிருந்தால், "நிறைஞ்சிருக்கு, நாளைக்கு வாங்க" என்பார். பழகியவர்களுக்குப் புரியும், புதிதாக வந்தவர்கள் நிறைந்திருப்பதை ஏன் தரமாட்டேன் என்கிறார் என்று விழிப்பார்கள். வீடு மண்டியின் மாடியிலேயே இருந்ததால் எங்கள் வாய்க்கும் அதே பூட்டுதான்.

எனக்குக் கணக்கு வேப்பங்காய். அக்காவுக்கோ கற்கண்டு. ஆனால் வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குக் கணக்கு ஓடும். ஒரு நாள் கீழேயிருந்து அப்பா கேட்டார்: "அது என்னம்மா, மைனஸ் மைனஸ்னு?" "குறையறதுப்பா" என்றாள் அக்கா. அப்பா முகம் சுருங்கிவிட்டது. "வியாபாரம் நடக்கற எடம்மா. அதை மட்டும் மனசுக்குள்ள வச்சுக்கோ." அன்றிலிருந்து மைனஸ் வரும் இடத்தில் அக்கா வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். இரண்டு விடை வரும் கணக்கில் கூடுவதைச் சத்தமாகச் சொல்வாள். குறைவது தலையாட்டலோடு போய்விடும். பல நேரம் எழுதவும் விட்டுப்போகும். பரீட்சையில் அவளுக்குப் போன மார்க்கெல்லாம் அப்படிப் போனவைதான். மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கு இந்த வியாதி வரும்?

அறுபதுகளின் தொடக்கம் அது. அக்கா எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் கணக்குப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் அரிசித் தரகர் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்துவிட்டார். அரிசிக்கும் கல்யாணத்துக்கும் எங்களுக்கு ஒரே தரகர். மண்டியில் உட்கார்ந்துதான் பேசினார். அப்பாவுக்கு அதில் பெரிய விருப்பமில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வாயில் 'இல்லை' எப்படி வரும்? "ஆகட்டும், பாப்போம்" என்றார். தரகர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக நாளும் குறித்துவிட்டார். அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "அப்பாவோட நல்ல வார்த்தையே என்னைக் கொண்டுபோய்த் தள்ளிடும் போலிருக்குடி" என்று என்னிடம் சொன்னாள். "சீட்டாவது கெடச்சா, இதை நிறுத்துங்கன்னு கேக்கறதுக்கு ஒரு முகம் இருக்கும்."

நேர்முகத்துக்கு அப்பா, அக்கா, துணைக்கு நான் என்று மூவரும் காயலைக் கடக்கும் போட்டில் போனோம். அறையில் அப்பாவையும் என்னையும் பின் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கணக்குப் பேராசிரியர் ஒல்லியான மலையாளி. சிரிக்கவும் மாட்டார், அதட்டவும் மாட்டார். கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். எனக்கே புரியும்படி அக்கா பிறகு விளக்கியதைச் சொல்கிறேன். ஒரு பல்லுறுப்புக்கோவை இருக்கிறது. எது என்று தெரியாது. ஓர் எண்ணை அதில் போட்டு, வருவதைத் திரும்ப அதிலேயே போட்டால், முதலில் போட்ட எண்ணின் நாலு மடங்கும் கூட மூன்றும் கிடைக்கிறது. ஒரே மில்லில் இரண்டு தரம் தீட்டிய அரிசியைக் கையில் கொடுத்து, மில் எது என்று கேட்கிற மாதிரி.

அக்கா சாக்பீஸை எடுத்தாள். வர்க்கம் இருந்தால் இரண்டாம் தரம் போடும்போது நாலாம் அடுக்கு வந்திருக்கும். வந்ததில் அது இல்லை. ஆகவே உள்ளே இருப்பது ஏதோ ஒரு மடங்கும் அதோடு கூட்டிய ஓர் எண்ணும் மட்டுமே என்றாள். அந்த மடங்கை அதனாலேயே பெருக்கினால் நாலு, எனவே இரண்டு. கூட்டிய எண் ஒன்று. 'இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று' என்று எழுதி அடியில் கோடு போட்டாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

பேராசிரியர் பலகையைப் பார்த்தார். "இது மாத்ரமே உள்ளோ?" இது மட்டும்தானா என்று கேட்டார்.

அக்கா பலகையைப் பார்த்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. ஆனால் தலை மெல்ல ஆடியது. எங்கள் வீட்டில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டம் அது. விடை அவளுக்குத் தெரிந்துவிட்டது, வாய்தான் திறக்கவில்லை என்று எனக்குப் பட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பேராசிரியரும் பார்த்தார். "எந்தா, அச்சன்றெ அனுவாதம் வேணோ?" அப்பாவின் அனுமதி வேண்டுமா என்றார், கொஞ்சம் கேலியாகவே.

"எங்க மண்டியில அந்த வார்த்தை சொல்லமாட்டோம், சார்" என்றாள் அக்கா.

அப்பாவுக்குக் கணக்கு புரியவில்லை; மகள் எங்கே நிற்கிறாள் என்பது மட்டும் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். "மண்டி அக்கரையில கெடக்கும்மா. நீ சொல்லு."

அக்கா சொன்னாள். கல்லூரி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மைனஸ் இரண்டையும் அதனாலேயே பெருக்கினால் நாலுதான். அப்போது கூட வருவது மைனஸ் மூன்று. ஆக மைனஸ் இரண்டு எக்ஸ் மைனஸ் மூன்று. இந்த இரண்டைத் தவிர வேறு கோவை இருக்கவே முடியாது என்று காரணத்தோடு முடித்தாள். பேராசிரியர் பலகையில் எதையும் திருத்தவில்லை. "சீட்டு உண்டு" என்றார்.

திரும்பும் போட்டில் அப்பா அக்காவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அந்த ரெண்டாவது எப்படிம்மா சரியாகும்? போட்டுக் காட்டு." அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டாள். முதல் கோவையில் மூன்றாகி, பிறகு ஏழாகும். இரண்டாவதில் சைபருக்கும் கீழே ஐந்து போய், அங்கிருந்து ஏழுக்கு ஏறிவிடும். அப்பா விரல் மடக்கிப் பார்த்தார். "கீழே போயிட்டும் ஏழுதானா?" என்றார். "ஏழுதாம்ப்பா." "பலே" என்று தொடையைத் தட்டினார். பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த சேச்சியிடம், "என்றெ மோளாணு", என் மகளாக்கும் என்று, அவள் கேட்காமலே சொன்னார்.

அக்கா பின்னால் அதே பாடத்தில் பேராசிரியராகி, எத்தனையோ பேரைப் பலகை முன்னால் நிறுத்தினாள். அந்தப் பெருமையெல்லாம் அவளுடையது. எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது நேர்முகத்தன்று சாயங்காலத்தைத்தான்.

மண்டியில் ஆள் நிறைந்த நேரம். தரகர் சாயா குடித்தபடி காத்திருந்தார். "என்ன மொதலாளி, வெள்ளிக்கிழமை அவங்க வர்றதுல மாத்தம் இல்லையே?" என்றார். அளந்துகொண்டிருந்த ஆள், மண்டிக்குள் அந்தச் சொல் விழுந்ததும் பறையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான். அக்கா மாடிப்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். வழக்கமான "ஆகட்டும், பாப்போம்" வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்பா கல்லாவில் உட்காரவில்லை. நின்றபடியே, வீதிக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"இல்லை."