அவர் பெயரில் ஐம்பத்தெட்டு நிமிடம்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். தொடக்கநிலை ஆறோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். என் கோபத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, ஓட்டப் பந்தயம் தொடங்கும் இடத்தில், மேனேஜர் தன் எண் அட்டையை என் சட்டையில் நான்கு ஊக்குகளால் குத்திவிட்டார். சிங்கப்பூரில், துவாஸ் கிடங்கில் நான் அவருக்குக் கீழே ஸ்டோர்மேன். கம்பெனி சார்பில் பத்து கிலோமீட்டர் ஓட ஆள் கேட்டபோது, கையைத் தூக்கக் கூச்சப்பட்டு நான் பெயர் கொடுக்கவில்லை. எங்கள் கிடங்கிலிருந்து அவர் மட்டும் கொடுத்திருந்தார்; மற்றவர்கள் வேறு கிளை ஆட்கள். முந்தின நாள் அவருக்குக் கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. "நீதான் பாசிர் ரிஸ் பார்க்ல தினமும் ஓடுறியே, என் நம்பர்ல ஓடு லா. டீம்ல ஆள் குறைஞ்சா அசிங்கம்," என்றார். ஓடும் நேரம் அவர் பெயரில்தான் பதிவாகும் என்று தெரிந்தே தலையாட்டினேன்.

அந்த ஓட்டத்துக்குப் பின்னால் என் இரண்டு வருடம் இருந்தது. பாலிகிளினிக் டாக்டர் இனிப்பு நீர் வியாதியைச் சொல்லிப் பயமுறுத்தியபின் தொடங்கினேன். முதல் நாள் மூன்று விளக்குக் கம்பம் தூரம் ஓடி, நான்காவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் ஐந்து. நடுவில் முழங்கால் வீங்கி, மறுபடி மூன்றிலிருந்து. பத்து கிலோமீட்டரை முதலில் முடிக்க எண்பத்தொரு நிமிடம் ஆனது. பிறகு எழுபத்தாறு, அறுபத்தொன்பது, அறுபத்து மூன்று. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் ஆசையை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று ஐம்பத்தெட்டில் முடித்தேன். மேனேஜர் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய்த் தோசை வாங்கிக் கொடுத்து, "எப்படி இருந்துச்சு, சொல்லு," என்றார். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயடங்கிக் கிடந்தவன் எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்ததை, ஒரு சீன அம்மா தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டதை, கடைசியில் கம்பங்களை எண்ணிக்கொண்டே ஓடியதை.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் அவர் பெயர், ஐம்பத்தெட்டு நிமிடம். எல்லோரும் கைகொடுத்தார்கள். "எல்லாம் பயிற்சிதான் லா," என்று சிரித்தார். தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். வருடங்கள்தான் போயின.

போன வெள்ளிக்கிழமை அவருக்குப் பிரிவு உபசாரம். மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "எட்டாவது கிலோமீட்டர்ல கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஒரு சீன அம்மா ஓடி வந்து தேய்ச்சு விட்டாங்க..." பக்கத்திலிருந்த போர்க்லிப்ட் ஓட்டுநர் என்னை இடித்தான். "பாரு, பாஸ் எப்படி ஓடியிருக்காரு! நீ பார்க்ல சும்மா சுத்துற லா." என் நேரத்தை எடுத்தார், சரி, நானே கொடுத்தது. என் வலியை எந்தக் கணக்கில் எடுத்தார்? எல்லோரும் தட்டினார்கள். பாழாய்ப்போன என் கைகளும் தட்டின.

கைகுலுக்கும் வரிசையில் என் முறை வந்தபோது சொல்லிவிட்டேன். "பாஸ், அது என் காலு."

அவர் முகம் சிறுத்தது. உடனே என் தோளைத் தட்டினார். "இன்னுமா ஞாபகம் வச்சிருக்க? ஒரு ஓட்டம்தானே லா."

ஒரு ஓட்டம்தான். அதன்பின் என் பெயரிலேயே மூன்று பந்தயம் ஓடினேன்: அறுபத்து நான்கு, அறுபத்தாறு, அறுபத்தேழு. முழங்கால் இனி அந்த வேகத்துக்கு விடாது. எனக்கு இருந்தது அந்த ஒன்றுதான். அதை ஓடியவன் நான். தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இதை எழுதி வைத்தேன்.