கண்ட்ரோல் அக்காவின் புதுக் குரல்

டாக்ஸி கம்பெனியின் மாடியறையில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து ஓட்டுநர்களை விரட்டி வேலை வாங்குபவள் அவள். அவர்களுக்கு ‘கண்ட்ரோல் அக்கா’. சவாரி தூரம் என்று முனகினால் வறுத்தெடுப்பாள். அவளிடம் திட்டு வாங்காமல் அவர்களுக்குப் பொழுது விடியாது.

பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. பயிற்சியில் திரும்பி வந்தது. ஆனால் ஐயோ, அது அவள் பேச்சாக இல்லை! சொற்கள் அவளுடையவை, இழுவையும் ஏற்ற இறக்கமும் மட்டும், கடல் கடந்து வந்த யாரோ தமிழ் கற்றுக்கொண்டு பேசுவது போல.

“அம்மா, பாஸ்போர்ட்டைக் காட்டுங்க!” என்று மகள் சீண்டினாள். அவளும் கூடவே சிரித்துவிட்டு, சமையலறைக்குள் தனியாகப் போய் அழுதாள்.

வேலைக்குத் திரும்ப வந்தவளைப் பார்த்து முதலாளி தயங்கினார். “ஒரு நாள் உக்காந்து பாரும்மா. வண்டி ஓடலைன்னா வேற ஆள்தான் போடணும்.”

“சரிங்க. ஆனா நான்தான்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க. எம்மேல பரிதாபப்பட்டு யாரும் ஓட்ட வேணாம்.”

மறுநாள் காலை மைக்கைப் பிடித்தாள். “ஏழு, ஸ்டேஷனுக்குப் போ.”

“சரிங்க மேடம்.”

மேடமா! நெஞ்சில் ஊசி இறங்கியது. ஏழாம் நம்பர் வண்டி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவே இல்லை. மூன்றாம் நம்பருக்கு டயர் பஞ்சராம். பன்னிரண்டுக்குத் திடீர் வயிற்றுவலியாம். காத்திருந்தவர்கள் போனில் கத்தினார்கள். முதலாளி வாசற்படியில் வந்து நின்றார். நாற்காலி கைநழுவிப் போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது ஏழு, பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டான். பக்கத்தில் நின்ற ஓட்டுநர்களிடம் அவன் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

“நம்ம அக்கா முடியாம கெடக்கறாங்க. அந்த சீட்டுல வெளிநாட்டுக்காரிய உக்கார வெச்சிருக்காரு மொதலாளி. எவனும் வண்டிய நகத்தக் கூடாது. அக்கா வரட்டும்டா!”

அவன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் வரை காத்திருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

“டேய் ஏழு! நான்தான்டா. ஒழுங்கா வண்டிய எடுடா, தடியா!”

அத்தனை வண்டிகளிலிருந்தும் ஒரே கூச்சல்.

“அக்கா! இது எந்த ஊரு பேச்சுக்கா?”

“எனக்கே தெரியலடா. சவாரிய முடிச்சிட்டு வந்து விசாரி.”

“ஸ்டேஷன் ரொம்ப தூரம்க்கா…”

முதலாளி சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆசை தீர ஏழாம் நம்பரைத் திட்ட ஆரம்பித்தாள்.