பாட்டு இல்லாத கொலு

எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. வங்காளிகள் நிறைந்த லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்த மாமிகளைக் கேட்டால் தெரியும். நான் வாயைத் திறந்ததும் சுண்டலை வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிடுவார்கள்.

எழுபதுகளில், கல்லூரியில் சேர்ந்த வருஷம், எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அப்பா என்னைக் கெமிஸ்ட்ரி ஆனர்ஸில் சேர்த்துவிட்டிருந்தார். லேப் வாடை பட்டாலே எனக்குக் குமட்டும். பாடத்தை மாற்றுவதென்றால் கொலு சமயத்தில் விடும் பூஜா லீவு முடிவதற்குள் முடிவு செய்ய வேண்டும். விட்டால், பட்டம் வாங்கும்வரை அதே வாடைதான்.

“மாத்தலாம். எந்தப் பாடத்துக்கு மாத்தணும்னு சொல்லு” என்றார் அப்பா. எனக்கு எங்கே தெரியும்? பெண்கள் செய்து, டாக்டர், டீச்சர் தவிர வேறு வேலையே நான் கவனித்ததில்லை.

அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். இந்தக் கொலுவில் பாட்டு கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் ஆபீசில் என்ன செய்கிறார்கள் என்று சொன்னால்தான் சுண்டல்.

பாங்க் மாமி சொன்னதைக் கேட்டுக் கொட்டாவி வந்தது. கீழ்வீட்டு வங்காளி பௌதி, அதாவது அண்ணி, ஒரு நர்ஸ். அவர் சொன்ன ஆபரேஷன் கதையில் இரண்டு மாமிகள் சுண்டலைக் கீழே வைத்துவிட்டார்கள். அடுத்து, மேப் வரையும் ஆபீசில் இருந்த மாமி.

“போன வருஷம் வரைஞ்ச ஆறு இந்த வருஷம் அந்த இடத்துல இல்லைடி. மறுபடியும் போய்ப் பார்த்து வரையணும்” என்றார்.

கையில் சுண்டல் பாத்திரத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். “இதுக்கு என்ன படிக்கணும் மாமி?”

“ஜியாகரபி.”

“மேப் வரையறதெல்லாம் ஒரு வேலையா?” என்றார் நாற்காலியிலிருந்த அப்பா. பூஜாவுக்காக அவர் ஆபீசும் மூடியிருந்தது.

அம்மா விடவில்லை. “நீங்க ஆபீஸ்ல என்ன பண்றேள்? சொன்னாத்தான் சுண்டல்.”

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஃபைல் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்.”

“அப்புறம்?”

“இன்னொரு ஃபைல் வரும்.”

“அப்புறம்?”

“முதல்ல போனது திரும்பி வரும்.”

தெருப் பந்தலின் மேளச் சத்தத்தையும் மீறி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மாமிகள் போனபிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். “இருபத்தஞ்சு வருஷமா போயிண்டிருக்கேன். சொல்லச் சொன்னா மூணு வரிக்கு மேல வரலை” என்றார். “நீ மாத்திக்கோ.”