கையெழுத்துப் போட்டு வைத்த கார்டுகள்

பிழை பார்ப்பதற்கு மட்டும்தான் அவர் என்னை வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஓர் இலக்கிய இதழை, செங்கல்பட்டில் தன் வீட்டு முன்னறையிலிருந்தே நடத்திவந்தார். நான் கடலோரத்து அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் குமாஸ்தா. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் ஒற்றெழுத்துகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருவேன். ஒரு கதை நன்றாக இருக்கிறதா என்று ஒருநாளும் அவர் என்னைக் கேட்டதில்லை. அதில் எனக்குக் கோபம் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி என்னிடம் பிரிக்காத உறைகளையும் ஒரு கட்டு தபால் கார்டுகளையும் கொடுத்தார்.

"எல்லாத்தையும் அனுப்பினவங்களுக்கே திருப்பிடுங்க தம்பி. இத்தோட போதும்."

ஆசிரியருக்குக் கைநடுக்கம். நடுக்கம் அடங்கியிருக்கும் காலைகளில் இருபது முப்பது கார்டுகளின் அடியில் "விரைவில் நேரில் பார்ப்போம்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்துவிடுவார். பிறகு அவர் சொல்லச் சொல்ல, மேலே இருக்கும் இடத்தில் நான் எழுதுவேன்.

உறைகளில் ஒன்று மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து, அவர் சாவதற்கு முன்பே வந்திருந்தது. "ஐயா சொன்னபடி ஐந்தாவது தடவையாகத் திருத்தியிருக்கிறேன்" என்ற குறிப்போடு ஒரு கதை. நின்றபடியே படித்து முடித்தேன். கால் மரத்துப்போயிருந்தது. இதைத் திருப்பி அனுப்பினால் நான் மனுஷனே இல்லை. ஆனால் ஒற்றுப் பார்க்கிறவன் பாராட்டினால் எவன் மதிப்பான்? ஒரு கார்டை எடுத்தேன். "கதை கிடைத்தது. இதைத்தான் கேட்டேன். அடுத்த இதழில் வருகிறது" என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதுவும் செத்தவர் வாக்கு. இதழைக் கொண்டுவந்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. அப்படித்தான் நான் ஆசிரியரானேன்.

அச்சானதும் பிரதியோடு ஒரு ஞாயிறு காலை குப்பத்துக்குப் போனேன். ஒரேயொரு படகைத் தவிர மற்றவையெல்லாம் கடலில் இருந்தன. கதையை அனுப்பியவர் வீட்டைக் கேட்டபோது வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் காட்டினார்கள். பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருட்டில், தாடியோடு உட்கார்ந்திருந்தார் கதை எழுதியவர். சாமி படத்துக்குக் கீழே நான் அனுப்பிய கார்டு. அதன்மேல் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும்.

"ஐயா சாவுக்கு நானும் வந்தேன் சார். நெருப்பு வெச்சதப் பாத்துட்டுதான் வூட்டுக்கு வந்தேன்" என்றார். "அப்பறமா கார்டு வருது, சீக்கிரம் பாக்கலாம்னு."

"அன்னிலேர்ந்து இவர தண்ணில கால் வெக்க வுடல" என்றாள் அவர் மனைவி. "கூப்டுகினே கீறாரு அவரு."

இரண்டு மாதமாக அந்த வீட்டில் உலை எப்படிக் கொதித்ததோ! எழுதியது நான்தான், கையெழுத்து முன்பே போட்டு வைத்தது என்று உளறிக்கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மேல எழுதினது நீ. கீழ எழுதினது யாரு?"

அவளே தொடர்ந்தாள்.

"கூப்ட்டவரே வேணாம்னு சொல்லணும். அந்த மாரி கார்டு இன்னும் வெச்சினு கீறியா?"

பையில் மிச்சக் கார்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் அதே கடைசி வரி. ஒரு கார்டில் அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். செத்தவர் எழுத்தில் நான் கைவைத்தது அதுதான் முதல் தடவை. என் விரல்கள் அவர் கையைப் போலவே நடுங்கின. கோடு நேராக வரவில்லை. மேலே, "இப்போது வரவேண்டாம். கடலுக்குப் போங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் அவர் படகைத் தள்ளினார். நான் அலுவலகம் போகாமல், கரையில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மற்றப் படகுகள் திரும்பிவிட்டன. வெயில் ஏறிய பிறகும் அவருடையதைக் காணோம். அடித்த வரிக்குச் செத்தவர் கட்டுப்படுவாரா? அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

பத்து மணி வாக்கில் அவர் படகு கரை தட்டியது. அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, அன்று முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.

"அடுத்த கதைக்கு நீயே கையெழுத்துப் போடு சார். அவர எழுப்பாத."