பூட்டினாலும் போகும் வாடகை

எங்கள் தையல் கூடத்தில் அவளைக் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டையில் பொத்தான் நுழையும் காஜாவை மெஷினில் தைப்பது அவள் வேலை. ஒரு நாளில் எண்ணூறு காஜா எடுப்பாள். பத்து வார்த்தை பேசினால் அதிகம். கணவர் போனபின் இரண்டு பெண்களையும் அந்தக் கூலியில்தான் படிக்க வைத்தாள்.

பள்ளிச் சீருடை வேலை முடிந்தால் மூன்று மாதம் கூடம் காற்று வாங்கும். போன வருடம் முதலாளி அந்த மூன்று மாதமும் பூட்டிவிடப் போவதாகச் சொன்னார். நாங்கள் நான்கு பெண்கள், நான்கு அடுப்பு.

அந்த வாரம் விடுதிக்காரர் ஒருவர் வந்து ஆயிரம் தலையணை உறை கேட்டார். ஒன்றுக்கு முப்பது ரூபாய்க்கு மேல் தர முடியாது என்றார். முதலாளி ஓர் அட்டையில் கணக்குப் போட்டார். துணி, நூல், கூலி சேர்த்து இருபத்திரண்டு. ஆயிரமும் ஒரு மாத வேலை; அந்த மாத வாடகை பன்னிரண்டாயிரத்தைப் பங்கு போட்டால் உறைக்குப் பன்னிரண்டு. மொத்தம் முப்பத்துநாலு. நாலு நட்டம் என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். விடுதிக்காரர் செருப்பை மாட்டினார்.

காஜாக்கா மெஷினை நிறுத்தினாள்.

“அண்ணே, பூட்டிட்டா கட்டடக்காரர் வாடகை வேணாம்னுடுவாரா?”

“அவரா? பூட்டுக்கும் சேர்த்துக் கேப்பாரு.”

“அப்ப வாடகை பன்னெண்டாயிரம் தைச்சாலும் போகும், தைக்கலன்னாலும் போகும். தைச்சா மட்டும் ஆகுற செலவு இருபத்திரெண்டுதான். உறைக்கு எட்டு நிக்குது. எட்டாயிரம் வாடகைக்குப் போனா, உங்க கையவிட்டு நாலாயிரம்தானே?”

அட்டையின் மறுபக்கமும் நிறைந்தது. முதலாளி வாசலுக்கு ஓடி விடுதிக்காரரைக் கூட்டி வந்தார். சீருடை நேரத்தில் மட்டும் இந்த விலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம், அப்போது வாடகையும் விலையில் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் இதை எங்கே கற்றாள் என்று கேட்டேன். “பெரியவ ஹாஸ்டலுக்குப் போனப்ப வீட்டுல அரிசிச் செலவு குறைஞ்சுது. வாடகை குறைஞ்சுதா?” என்றாள்.

துணி வெட்டத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. தலையணை உறைக்குக் காஜா கிடையாது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாதிக் கூலிக்குப் பிசிறு வெட்டினாள்.

முதலாளி அதைக் கவனித்திருக்கிறார். கடைசிக் கட்டு போன அன்று அவள் மெஷின்மேல் ஒரு பொத்தான் டப்பாவை வைத்தார்.

“அடுத்த ஆயிரத்துக்கு உறைக்கு ரெண்டு பொத்தான். விடுதிக்காரர் அதுக்கு மூணு ரூபா கூடுதலாத் தர்றாராம், கேட்டுட்டேன்.”

காஜாக்கா கத்தரிக்கோலை என்னிடம் தந்துவிட்டு, மெஷினுக்கு எண்ணெய் விடப் போனாள்.